கறுத்துப் போயிடுவாளாம்!

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸில் ஆணி அதிகம் என்று வழக்கமான பொய்யைச் சொல்லலாம். உண்மை என்னவென்றால் சோம்பேறித்தனம். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நடந்ததை எங்கேயாவது கொட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கொஞ்சம் காட்டமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க மக்களே.

நாங்கள் இருப்பது நொய்டாவில், இருபது மாடிக் குடியிருப்பு ஒன்றில். கீழே ஒரு நீச்சல் குளம் உண்டு. ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: இங்கே குளம் வருஷம் முழுக்கத் திறந்திருக்காது. ஏப்ரல் வாக்கில் தண்ணீர் விடுவார்கள், செப்டம்பர் வாக்கில் மூடிவிடுவார்கள். டிசம்பர் குளிரில் அந்தப் பக்கம் காக்கா கூட எட்டிப் பார்க்காது. ஆக, ஒரு குழந்தை நீச்சல் கற்றுக்கொள்ள வருஷத்தில் அரைவாசி நாள்தான் கிடைக்கிறது. அதிலும் பள்ளிக்கூட லீவு என்று பார்த்தால் மே, ஜூன்தான்.

என் மகளுக்கு ஒன்பது வயது. போன வருஷம் மிதக்கக் கற்றுக்கொண்டாள். இந்த வருஷம் இரண்டே வாரத்தில் குளத்தின் நீளத்தை நிற்காமல் கடக்கிறாள். நான் மேலே பால்கனியில் நின்று பார்த்து விசிலடித்து, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து... சரி, அது வேறு கதை.

ஞாயிற்றுக்கிழமை மாமியாருடன் வீடியோ கால். வர்ற ஜூனில் மச்சானுக்குக் கல்யாணம், கும்பகோணத்தில். பட்டுப்பாவாடை அளவு, ரயில் டிக்கெட், சத்திரம் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. மகள் குறுக்கே வந்து பாட்டிக்குக் கையாட்டினாள். அவ்வளவுதான்.

"என்ன மாப்ளே, குழந்தை இப்படிக் கறுத்துப் போயிருக்கா? கல்யாணத்துல போட்டோ வீடியோ எல்லாம் எடுப்பாங்க. கல்யாணம் முடியற வரைக்கும் அந்த நீச்சலை நிறுத்திடுங்களேன்."

தங்கமணியும் தலையை ஆட்டினார். நான் என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்களா? "பாக்கலாம் அத்தை" என்றேன். வீர மறவன்!

ராத்திரி எட்டு மணி இருக்கும். பாத்ரூமில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. எட்டிப் பார்த்தால் மகள் பீர்க்கங்காய் நாரை வைத்து முழங்கையை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். சிவந்து போயிருந்தது. "போகவே மாட்டேங்குதுப்பா" என்றாள்.

இதற்கு மேல் "பாக்கலாம்" என்று என்னால் சொல்ல முடியவில்லை.

முதலில் என் குட்டை உடைத்துவிடுகிறேன். போன வருஷம் அவளைக் குளத்தில் விட்டபோது "வெயில் ஏறினதும் ஓடி வந்துடு, கறுத்துடுவே" என்று சொன்னது மாமியார் இல்லை, நான்தான். வெயில் பட்டால் தோல் வெந்துபோகும் என்று சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது அது இல்லை. நாற்பது வருஷமாகக் காதில் விழுந்த வார்த்தை, தானாக வந்து விழுந்துவிட்டது. அதனால் இது மாமியாரைத் திட்டும் பதிவு அல்ல. (தங்கமணி படிப்பார் என்பதாலும் அல்ல!)

தோலைப் பாதுகாப்பது வேறு, நிறத்தைப் பாதுகாப்பது வேறு. நம் வீடுகளில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி வைத்திருக்கிறோம். புற ஊதாக் கதிர் பட்டால் தோல் மெலனினை அதிகமாகச் சுரந்து தன்னைத் தானே மூடிக்கொள்கிறது. அந்தக் கறுப்பு, தோல் பிடித்துக்கொள்கிற குடை. குடை கறுப்பாக இருக்கிறதே என்று அழுகிறோம், மழை ஏன் இவ்வளவு பெய்கிறது என்று கேட்பதில்லை. மேல்தோல் சுமார் ஒரு மாதத்தில் புதிதாகிவிடும். வெயில் குறைந்தால் அந்த நிறமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே இறங்கிவிடும். நார் வேண்டாம், கடலைமாவு வேண்டாம்.

அதற்காக "நாமெல்லாம் கறுப்பு, நமக்கு வெயில் ஒண்ணும் பண்ணாது" என்று மார் தட்டுகிற கோஷ்டியிலும் நான் இல்லை. அதுவும் தப்பு. நம் தோலுக்கு இயல்பாகவே கொஞ்சம் காப்பு இருக்கிறது, உண்மை. தோல் புற்றுநோய் விஷயத்தில் ஆஸ்திரேலிய வெள்ளைக்காரர்களுக்கு இருக்கிற அபாயம் நமக்கு இல்லை, அதுவும் உண்மை. ஆனால் நம் தோலும் வேகும். கோவாவில் ஒரு நாள் பகல் முழுக்கக் கடலில் கிடந்துவிட்டு வந்து, தோள்பட்டை உரிந்து, நான்கு நாள் சட்டை போட முடியாமல் பனியனோடு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான். சிவப்பது நம் தோலில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. எரிச்சல் தெரியும்போது நேரம் கடந்திருக்கும். வெந்த இடத்தில் திட்டுத் திட்டாக மங்கு விழுவதும் நம் நிறத்தவர்களுக்குத்தான் அதிகம்.

தண்ணீருக்குள் இருந்தால் வெயில் படாது என்று நினைப்பவர்களுக்கு: அரை மீட்டர் ஆழத்தில்கூட, மேற்பரப்பில் விழுகிற புற ஊதாக் கதிரில் 40 சதவீதம் வரை இருக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தண்ணீர் ஜில்லென்று இருப்பதால் சூடு தெரியாது, அவ்வளவே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் கோபம் உண்மையில் மாமியார் மேல் இல்லை, எங்கள் குடியிருப்பின் கால அட்டவணை மேல்.

காலை 6 முதல் 8 வரை ஜென்ட்ஸ். 8 முதல் 10 வரை பயிற்சி, அதாவது போட்டிக்குத் தயாராகிற நாலைந்து பையன்கள். 10.30 முதல் 12 வரை லேடீஸ் அண்ட் கேர்ள்ஸ். சாயங்காலம் 6க்கு மேல் மறுபடி ஜென்ட்ஸ். நடுவில் சுத்தம் செய்கிறார்களாம்.

மே மாதம், நொய்டா, மொட்டை வெயில், தலைக்கு மேல் ஒரு துணிப் பந்தல் கூட இல்லாத குளம். பெண்களுக்கு ஒதுக்கிய நேரம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு! புற ஊதாக் குறியீடு என்று ஒன்று உண்டு. 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு தேவை, 8 என்றால் மிக அதிகம், 11-க்கு மேல் அதிதீவிரம். மே மாத நடுப்பகலில் வட இந்தியச் சமவெளியில் இது 8-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். செல்போனிலேயே வானிலைப் பக்கத்தில் காட்டும், பாருங்கள். அதுவும் வேண்டாம் என்றால் உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை. பதினொன்றரை மணிக்கு என் மகளின் நிழல் அவள் காலடியிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.

கமிட்டியில் கேட்டேன். "காலையில் ஆபீஸ் போறவங்களுக்கு ஒதுக்கியிருக்கோம்" என்றார்கள். என் தங்கமணி காலை எட்டே காலுக்கு மெட்ரோ பிடிக்கிறார் ஐயா, அவர் எங்கே போகிறார், கோயிலுக்கா? அடுத்து ஒன்று சொன்னார்கள் பாருங்கள், அதுதான் உச்சம்: "எப்படியும் லேடீஸ் டைம்ல யாரும் வர்றதில்லையே, அந்த நேரத்தையும் குறைக்கலாம்னு இருக்கோம்."

ஏன் வருவதில்லை? உச்சி வெயிலில் நேரம் கொடுத்தால், கறுத்துவிடும் என்று அம்மாக்கள் பிள்ளைகளை நிறுத்துகிறார்கள். நிறுத்தியதும் ஆளில்லை என்று கணக்கு எழுதுகிறார்கள். அந்தக் கணக்கைக் காட்டி நேரத்தைப் பிடுங்குகிறார்கள். கமிட்டிக்கு வேலையே இல்லை, நாமே முடித்துக் கொடுத்துவிடுகிறோம்.

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எனக்கு ஊர் முசிறிப் பக்கம். எட்டு வயதில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி மாமா என்னைக் கிணற்றில் தள்ளிவிட்டார். ஒரே கோடை லீவில் கற்றுக்கொண்டேன். காலை பத்து மணிக்குக் குதித்தால் சாப்பாட்டுக்கு அம்மா வந்து கத்தும்வரை ஏறுவதில்லை. அடுப்புக்கரி நிறத்தில் இருப்பேன். ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. "ஆம்பளைப் புள்ளைதானே!" என்னைவிட இரண்டு வயது சின்னவள் என் தங்கை. கிணற்று மேட்டில் என் துணிக்குக் காவல் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கும் அதே வெயில்தான் அடித்தது. கறுத்தாள். நீச்சல் மட்டும் வரவில்லை. இன்றுவரை தெரியாது.

இதையெல்லாம் பெரிது பண்ணுகிறேன் என்று தோன்றலாம். 2004 சுனாமியில் அரசுக் கணக்குப்படி நாகப்பட்டினம் மாவட்டத்தில் இறந்த பெண்கள் 2,406, ஆண்கள் 1,883. கடலூரில் பெண்கள் 391, ஆண்கள் 146. ஆக்ஸ்ஃபாம் 2005-ல் இந்தக் கணக்கை எடுத்துவைத்து ஏன் என்று கேட்டது. ஆண்கள் பலர் கடலுக்குள் படகில் இருந்தார்கள், பெண்கள் கரையில் மீனுக்குக் காத்திருந்தார்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்று பல காரணம். நீச்சல் தெரியாததும், மரம் ஏறத் தெரியாததும் அதில் சேர்ந்த காரணங்கள். சுனாமியில் எல்லா நீச்சலும் உதவாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆறு, குளம், கிணறு, கல்குவாரிக் குட்டை என்று நம் நாட்டில் ஆண்டுதோறும் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நீரில் மூழ்கிச் சாவதாக தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. கல்யாண ஆல்பத்தில் ஒரு சாயல் கம்மியாகத் தெரிவதையும் இதையும் ஒரே தராசில் வைக்கிற மனசு எங்கேயிருந்து வந்தது?

எங்கேயிருந்து என்று தெரியாதா என்ன. 1975-ல் ஃபேர் அண்ட் லவ்லி வந்தது. நம் வீட்டு அலமாரியில் கோகுல் சாண்டல் பவுடருக்குப் பக்கத்தில் நிரந்தரமாக உட்கார்ந்திருந்தது. 2020-ல் உலகம் முழுக்க எதிர்ப்புக் கிளம்பியதும் பெயரை க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டார்கள். பெயர் மாறிவிட்டது, வீட்டில் பேச்சு மாறவில்லை. இப்போது "ஃபேர்" என்று சொல்ல வெட்கப்பட்டு "டீ-டான்" என்கிறார்கள். பார்லரில் ஒன்பது வயதுக் குழந்தைக்கு டீ-டான் பேக் போடலாம் என்று எங்கள் மாடியிலேயே ஒரு அம்மா யோசனை சொன்னார். அவர் நல்லவர்தான், தீபாவளிக்கு அதிரசம் கொடுத்தனுப்புவார்.

ஆனால் இதில் ஆபத்தான விஷயங்கள் இரண்டு இருக்கின்றன, அவற்றுக்குச் சிரிக்க முடியாது. ஒன்று, மருந்துக்கடையில் "முகத்துக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டு வாங்குகிற ஸ்டீராய்டு கலந்த களிம்புகள். முதல் இரண்டு வாரம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிந்து, பரு கிளம்பி, நிறுத்தினால் முன்பைவிட மோசமாகும். இந்த வகையில் பல களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு சொல்லிவிட்டது. கேட்டால் இன்னும் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. இரண்டாவது, எலுமிச்சம்பழம். குளத்திலிருந்து வந்ததும் எலுமிச்சையைத் தேய்த்துவிட்டு மறுபடி வெயிலில் போனால், சாற்றில் இருக்கிற பொருள் வெயிலோடு சேர்ந்து தோலைச் சுட்டுவிடும். கொப்புளம் வரும், அது ஆறின இடத்தில் கறுப்புக் கோடு மாதக்கணக்கில் நிற்கும். போன வருஷம் இங்கே ஒரு பெண்ணின் கழுத்தில் பார்த்தேன். வெளுக்கப் போய் வாங்கின கறுப்பு.

"சரிப்பா, ரொம்பப் பேசறியே, குழந்தை தோலுக்கு என்னதான் பண்றது?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. நான் தோல் மருத்துவர் இல்லை, எங்கள் குழந்தைக்குப் பார்க்கிற டாக்டரிடம் கேட்டும், படித்தும், சொந்தக் காசைக் கரைத்தும் தெரிந்துகொண்டது இது.

முதலாவது நேரம். காலை எட்டுக்கு முன்னால், சாயங்காலம் ஐந்தரைக்கு மேல். இது ஒன்று அமைந்துவிட்டால் மீதி எல்லாம் சில்லறை.

அடுத்தது துணி. முழுக்கை வைத்த நீச்சல் சட்டையும் முழங்கால் தாண்டின கால்சட்டையும் எந்தக் களிம்பையும்விட மேல். வியர்வையில் ஓடாது, இரண்டு மணிக்கொருதரம் பூச வேண்டாம், ஒருமுறை வாங்கினால் ஒரு சீசன் வரும். பழைய பருத்தி பனியனைப் போட்டு அனுப்பாதீர்கள். நனைந்தால் அது வெயிலைத் தடுப்பது குறைந்துவிடும், கனமும் ஆகும், பயிற்சியாளரும் முறைப்பார். (முழுக்கைச் சட்டை என்றதும் "அதானே, பொண்ணு அடக்கமா இருக்கணும்" என்று ஒரு பெரியவர் என்னைப் பாராட்டினார். ஐயா, என் மகனாக இருந்தாலும் இதைத்தான் போட்டிருப்பேன்.)

துணி மூடாத இடத்துக்கு சன்ஸ்கிரீன். எஸ்.பி.எஃப் 30 என்றால் சுமார் 97 சதவீதம் புற ஊதா-பி கதிரைத் தடுக்கும், 50 என்றால் 98. அந்த ஒரு சதவீதத்துக்காக இரண்டு மடங்கு காசு கொடுக்கத் தேவையில்லை. ஆனால் அந்தக் கணக்கு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்று கனமாகப் பூசினால்தான். நாம் விபூதி இடுகிற மாதிரி தொட்டு வைக்கிறோம். பெரியவர் ஒருவர் உடம்பு முழுக்க ஒருமுறை பூச ஏறக்குறைய 30 மில்லி வேண்டும். கடையில் விற்கிற 50 மில்லி டியூப் ஒரு வருஷம் வருகிறது என்றால் அது வேலை செய்யவில்லை என்று அர்த்தம். இதனால்தான் துணி என்கிறேன். குளத்துக்குப் போகும் முன் கால் மணி நேரம் இருக்கும்போது பூச வேண்டும், தண்ணீரிலிருந்து ஏறித் துடைத்ததும் மறுபடி. "வாட்டர் ப்ரூஃப்" என்று ஒன்று கிடையாது. அமெரிக்காவில் 2011-ல் வந்த விதியில் அந்த வார்த்தையைப் போடவே கூடாது என்று தடுத்து, 40 நிமிஷமா 80 நிமிஷமா என்று எழுதச் சொல்லிவிட்டார்கள். மறக்கிற இடங்கள்: காது மடல், பின்னங்கழுத்து, தலை வகிடு, பாதத்தின் மேல்பக்கம். துத்தநாக ஆக்சைடு இருக்கிறது குழந்தைகளுக்கு உறுத்தாது. நம் நிறத்துக்கு சாம்பல் பூசின மாதிரி தெரியும், தெரிந்துவிட்டுப் போகட்டும்.

தேங்காயெண்ணெய்! அதைத் தடவிவிட்டால் வெயில் தாக்காது என்று என் அம்மா இன்றும் நம்புகிறார். வெயிலுக்கு அது தடுப்பே இல்லை, குளத்து வடிகட்டிக்கும் கேடு. ஆனால் குளித்துவிட்டு ஈரம் காயுமுன் தடவினால் அதைப்போல நல்லது கிடையாது, அம்மாவுக்குப் பாதி மார்க். ஏனென்றால் குளத்தில் தோலை வறட்டுவது வெயில் மட்டும் இல்லை, குளோரினும்தான். இறங்கும் முன்பே நல்ல தண்ணீரில் குளித்து தலையையும் நனைத்துக்கொண்டால் குளத்துத் தண்ணீர் அவ்வளவாக ஏறாது. ஏறியதும் உடனே குளிக்க வேண்டும், டவலைப் போர்த்திக்கொண்டு லிஃப்டில் கதை பேசக்கூடாது. இன்னொன்று, குளத்தில் மூக்கைத் துளைக்கிற நெடி அடித்தால் சுத்தமான குளம் என்று நினைக்காதீர்கள். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகிற குளோரமைன் நெடி அது. கண் சிவப்பதற்கும் அதுதான் காரணம். குளிக்காமல் இறங்குகிற மாமாக்களைப் பிடித்து நிறுத்தினால் பாதித் தோல் தொல்லை தீரும்.

1959-ல் ஆரத்தி சாஹா ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார், அப்படிக் கடந்த முதல் ஆசியப் பெண் அவர்தான். நம்மூர்ப் பள்ளிக்கூடப் பையன் குற்றாலீஸ்வரன் 1994-ல் அதே கால்வாயைக் கடந்தபோது தமிழ்நாடே தூக்கிவைத்துக் கொண்டாடியது. அந்த நீச்சல்காரர்கள் எல்லாம் உப்பும் உராய்வும் தோலைக் கிழிக்காமல் இருக்க உடம்பில் கிரீஸ் மாதிரி கொழுப்பைப் பூசிக்கொண்டு இறங்குவார்கள். தோலைக் காப்பாற்றிக்கொண்டு நீந்துவது என்பதற்கு அதுதான் பொருள். தோலைக் காப்பாற்ற நீந்தாமல் இருப்பது அல்ல.

வீட்டில் என்ன ஆனது என்றால், மூன்று நாள் பேச்சுவார்த்தை. தங்கமணி சொன்ன ஒரு வார்த்தை என்னை அடக்கிவிட்டது: "நீங்க பதிவு எழுதுவீங்க. அங்க சத்திரத்துல நாலு பேர் அவ மூஞ்சிக்கு நேரா சொல்லும்போது பக்கத்துல நிக்கப்போறது நான்தான்." நியாயம்தான். அவருக்கும் சின்ன வயதில் சித்தி பெரியம்மாக்கள் பயறுமாவைப் பூசிப் பூசி உட்கார வைத்த கதை உண்டு. அதனால் ஒப்பந்தம் இப்படி: நீச்சல் நிற்காது. பத்தரை மணிக்கு அனுப்புவதும் கிடையாது. மாமியாரிடம் நானே பேசுவேன், "பாக்கலாம் அத்தை" என்று வழியாமல். நேற்று பேசிவிட்டேன். "உங்க இஷ்டம் மாப்ளே" என்றார். கும்பகோணத்துக்காரர்கள் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும் :-)

பத்தரை மணி வேண்டாம் என்றால் வேறு மணி வேண்டுமே. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வாரத்தில் மூன்று நாளாவது காலை 6 முதல் 7.30 வரை, குளத்தின் மேல் ஒரு பக்கமாவது பச்சை வலைப் பந்தல், இறங்கும் முன் குளியல் கட்டாயம். இந்த மூன்றையும் எழுதி ஒரு மனு தயார் செய்திருக்கிறேன். கமிட்டி எடுத்துக்கொள்ள 40 வீட்டுக் கையெழுத்து வேண்டுமாம். 31 சேர்ந்துவிட்டது. பஞ்சாபி வீடுகள், வங்காளி வீடுகள் எல்லாம் யோசிக்காமல் போட்டுக் கொடுத்துவிட்டன. நம் குடியிருப்பில் தமிழ் வீடு மட்டும் பதினான்கு. அதில் ஐந்து கையெழுத்துதான் வந்திருக்கிறது. மீதி ஒன்பது வீட்டிலும் "அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்", "பொண்ணு இந்த வருஷம் போகலை, கறுத்துடறா" என்கிறீர்கள். இதைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் மறுபடி பேப்பரோடு வருகிறேன், பேனாவும் என்னிடமே இருக்கிறது.